மச்சான் குப்புறப் படுத்த மதியம்

அக்காவின் கணவருக்கு, என் மச்சானுக்கு, நிமோனியா முற்றியிருந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் கிடந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், விரல் நுனியில் கிளிப், தலைமாட்டுத் திரையில் ரத்தத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஓர் எண். அது தொண்ணூறுக்குக் கீழேயே கிடந்தால் தொண்டைக்குள் குழாய் இறக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்கு வானம் பார்த்துத் தேய்ந்த கழுத்து எங்களுடையது; அதே கழுத்தோடு அக்காவும் நானும் திரையைப் பார்த்தோம்.

மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி, ஒவ்வொருவராகச் சொந்தம் உள்ளே வந்தது. நோயாளியிடம் கேட்க எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான்.

“என்னையத் தெரியுதா?”

தெரியாதா பின்னே? கேட்டவர் போன வாரம் வரப்புத் தகராறில் மச்சானின் சட்டையைப் பிடித்தவர். மச்சான் மாஸ்க்கைத் தூக்கி, “சின்ன மாமா...” என்பார். எண் சரியும், மெஷின் கத்தும். பதில் வராவிட்டால், “ஐயோ, ஆள் தெரியலையே!” என்று அவர்கள் கத்துவார்கள். மெஷினே தேவலை.

நர்ஸம்மா பொறுத்துப் பார்த்தார். “பேசவே கூடாது. குப்புறப் படுக்க வைங்க. நுரையீரலோட பின்பக்கம் விரியும்.”

நாலு பேர் சேர்ந்து, மாஸ்க்கின் டியூப் எதிலும் மாட்டிக்கொள்ளாமல், உளுந்து மூட்டையைப் போல அவரைப் புரட்டினோம்.

அடுத்து வந்த பெரியப்பா திகைத்துப்போனார். முதுகிடம் எதைக் கேட்பது? கட்டிலைச் சுற்றி வந்தார். “இது நம்ம ஆளுதானாம்மா?”

“மச்சம் இருக்கு, பாத்துக்கிருங்க பெரியப்பா,” என்று அவரை வெளியே அனுப்பிய அக்கா, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “தம்பி, நீ நம்பரப் பாரு. நான் அவுககிட்டப் பேசணும்.”

ஆரம்பித்தாள்.

“வெல ஏறும் ஏறும்னு பருத்தியப் பூட்டி வச்சு எலிக்குப் போட்டீக. நான் சொன்னேனா இல்லையா? ஏங்க, கை மாஸ்க்குக்குப் போவுது... பேசப்படாது! கவித எழுதுற பய களை வெட்டுவானான்னு என் தம்பியக் கேட்டீகளே, ஒங்க தம்பி என்னத்த வெட்டுனாக?”

மச்சானின் கால் கட்டைவிரல் துடித்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எதிர்த்துப் பேசாமல் அவர் கேட்ட முதல் மதியம். விழுங்கிய பதிலெல்லாம் மூச்சாக மிஞ்சியதோ என்னவோ, எண் மெல்ல மெல்ல, ஈரம் கண்ட விதைபோல, மேலே வந்தது. தொண்ணூறைத் தாண்டி நின்றது.

டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். “நல்லா நிக்குதே. குழாய் இப்ப வேண்டாம்மா.”

அக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூக்கை உறிஞ்சி, ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள்.

“சரி, அந்தக் கறவ மாட்ட எதுக்கு வித்தீக?”