செல்வி அக்காவின் ஏழு வருடம்

நான் கம்ப்யூட்டர் பார்க்கிற பீங்கான் கம்பெனிக்கு இன்று கம்மாபுரம் செல்வி அக்கா வந்தார். இங்கே ஏழு வருடம் மண் அரைத்தவர். இருமல் தாங்காமல் நின்று நாலு வருடம் ஆகிறது.

"எத்தினி வருஷம் தூசியில இருந்தன்னு கம்பெனில எழுதி வாங்கியாரச் சொன்னாரு டாக்டரு. அப்பத்தான் வைத்தியத்துக்கு வழி பண்ண முடியுமாம்."

முதலாளி தன்மையாகத்தான் பேசினார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது. திங்கக்கெழம வாம்மா."

அக்கா வாசலைத் தாண்டியதும் முதலாளி என்னிடம் திரும்பினார். "நம்ம டேட்டாபேஸ்ல புதுசா ஏதோ வந்திருக்குதுன்னியே தம்பி?"

காலையில் நான்தான் சொன்னேன். எங்கள் வருகைப் பதிவு கிளவுடில் இருக்கிறது. இனி ஒரு கெடு வைத்தால், அதைவிடப் பழைய பதிவுகளை அதுவே தினமும் அழித்துவிடும்.

"மூணு வருஷம்னு வச்சிடு. திங்கக்கெழம இல்லன்னு சொன்னா, அது பொய்யும் கெடையாது."

"இதை யார் வச்சாங்கன்னு பேரோட பதிவாகும் சார். அந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாது. அதுவும் புதுசுதான்."

"தெரியும். அதனாலதான் உன்ன வைக்கச் சொல்றேன்."

இன்னும் வைக்கவில்லை. அக்காவின் ஏழு வருடத்தையும் அச்செடுத்தேன். இப்போது அதை மடியில் வைத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலாளியும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார். யாருக்காவது கம்ப்யூட்டர் பார்க்க ஆள் தேவையென்றால் கமெண்டில் சொல்லுங்கள். திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன்.