நிஜ அளவில் ஒரு கீல்

கீல் அக்கா வெளிநாட்டிலிருந்து ஒரு விளம்பர நிபுணரை வரவழைத்தார் என்றும், அவர் மூன்று நாள் பட்டறையிலேயே உட்கார்ந்து யோசித்து, நான்காம் நாள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்றும் கட்டுமானப் பொருள் வட்டாரத்தில் ஒரு பேச்சு. நிபுணருக்குத் தாடி இருந்ததாக ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் அந்தத் தாடியைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம். இவ்வளவு விவரத்தோடு வரும் செய்தியைச் சந்தேகிப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. விசாரித்துப் பார்த்ததில் வெளிநாடும் இல்லை, நிபுணரும் இல்லை. தாடி மட்டும் உண்மை. அது பேனர் அச்சடிக்கும் கடைக்காரருடையது.

கீல் அக்காவுக்கு ஐம்பது வயது. கதவுக்கும் ஜன்னலுக்கும் கீல் செய்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். கிறீச்சென்றால் கைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பி வெளியே வரும். அதனால் சொந்தக்காரர்கள் அவரை அன்போடு அழைப்பார்கள், அதுவும் மழைக்காலம் முடிந்த கையோடு.

வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. அங்கே தகட்டை வெட்டி மடிக்கும் பிரஸ் இரண்டு உண்டு. ஒன்றில் அக்கா, மற்றதில் நாத்தனார். வேலையோ ஒன்றரை பிரஸ்ஸுக்குக்கூடக் காணாது. நாத்தனாரின் பிரஸ் வாரத்தில் நாலு நாள் பிளாஸ்டிக் விரிப்புக்குள் தூங்கியது. கடைசியில் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரப்போகும் கண்காட்சியில் ஒரு ஸ்டால் எடுப்பது. அதில் ஒரு பெரிய ஆர்டராவது கிடைக்காவிட்டால் அந்த பிரஸ்ஸை விற்றுவிடுவது. நாத்தனார் வேறு வேலை தேடிக்கொள்வது. பேச்சு சுமுகமாகத்தான் முடிந்தது. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க நாத்தனார் தன் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாலுக்குப் பின்திரை வேண்டும். இருவரும் தாடிக்காரரின் கடைக்குப் போனார்கள். அவர் மூன்று மாதிரிகளை எடுத்துப் போட்டார். முதலாவது பளபளக்கும் பிளாஸ்டிக் பேனர். அதில் விளக்கு வெளிச்சம் பட்டதும் அக்காவின் முகமே தெரிந்தது. என் முகத்தைப் பார்க்கவா ஜனம் வருகிறது என்று தள்ளிவைத்தார். இரண்டாவது சாதாரணத் துணி. அதைக் கசக்கி, மேலே ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். சுருக்கம் போகவில்லை. மூன்றாவது இழுத்தால் நீளும் துணி. அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் தலையணை உறை போல மாட்டி, கீழே ஜிப்பை இழுத்துவிட்டால் சுவர் மாதிரி நிற்கும். அக்கா அதை மடித்து விரித்து, மடித்து விரித்து, ஐம்பது வரை எண்ணினார். கீலைச் சோதிக்கும் முறை அது. துணி தேறியது.

அடுத்து, துணியில் என்ன படம் போடுவது என்ற சண்டை. நாத்தனாருக்கு ஒரு மாளிகை வேண்டும். இரட்டைக் கதவு திறந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

“நாம விக்கிறது கீலு. மாளிகையையா விக்கிறோம், அந்தக் குடும்பத்தையா விக்கிறோம்?” என்றார் அக்கா.

கீல் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியல் புத்தகத்தில் கீலின் படத்தை எப்போதும் நிஜ அளவில்தான் போடுவார்கள். கடைக்காரர் கையிலிருக்கும் கீலைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்து ஆர்டர் எழுதுவார். முப்பது வருடமாக அக்கா பார்த்த படங்களெல்லாம் அப்படித்தான். அதனால் தாடிக்காரர் நீட்டிய தாளில், பட்டியலில் உள்ள மாதிரியே, நிஜ அளவு என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

தாடிக்காரர் தயங்கினார். “அக்கா, நிஜ அளவுன்னா நிஜ அளவேதானா?”

“பின்ன, பொய் அளவா போடுவீங்க?”

மறுநாள் அவர் மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பினார். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு புள்ளி. அக்கா அதைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தார். போகவில்லை. கைப்பேசி பழசு, படம் இன்னும் முழுசாக வரவில்லைபோலும் என்று சமாதானமாகி, சரி என்று பதில் போட்டுவிட்டார்.

கண்காட்சி நாள் காலையில் திரையைச் சட்டத்தில் மாட்டி, ஜிப்பை இழுத்துவிட்டு, இருவரும் பத்தடி பின்னால் வந்து பார்த்தார்கள். பத்தடி அகலத்துக்கு வெள்ளை. ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

“அண்ணி, நம்ம கீலு எங்க?”

அக்கா கிட்டே போய்த் தேடிக் கண்டுபிடித்தார். கண்ணுக்கு நேராக, விரல் நீளத்தில், ஒரு கீல். அதன் கீழே எறும்பு எழுத்தில் பட்டறையின் பெயர், நீளம் நூறு மில்லிமீட்டர் என்ற குறிப்பு.

“சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே வெள்ளைக்கொடி காட்டிட்டோம்” என்றார் நாத்தனார். சிரிக்கத்தான் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

அக்கா தாடிக்காரரைக் கைப்பேசியில் பிடித்தார். அவர் வாதாடவில்லை. அக்காவின் கையெழுத்தை, இரண்டு கோட்டையும் சேர்த்து, வாசித்துக் காட்டினார். அக்கா பேச்சை முடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் ஈ காக்கை இல்லை. பிறகு பக்கத்து ஸ்டால் பூட்டுக்காரர், அவ்வளவு வெள்ளையில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறதே என்று தட்டிவிட வந்தார். கிட்டே வந்ததும் குனிந்து, மூக்கு துணியில் இடிக்கும் அளவுக்கு நின்று பார்த்தார். ஒரு பெரிய மனிதர் வெறும் துணியை முகர்ந்துகொண்டு நின்றால் போகிறவர்கள் சும்மா போவார்களா? பின்னால் இருவர் நின்றார்கள். அந்த இருவரைப் பார்த்து நால்வர். மதியத்துக்குள் அங்கே வரிசையே நின்றது. மற்ற ஸ்டால்களில் ஆள் உயர எழுத்துகள் கூவிக்கொண்டிருந்தன. ஜனம் இங்கே வந்து எறும்பு எழுத்தைப் படித்தது. வந்தவர் கையில் நாத்தனார் நிஜக் கீலைக் கொடுத்து, படத்தின்மேல் வைத்துப் பாருங்கள் என்றார்.

மூன்று மணிக்கு ஒரு கதவு நிறுவனத்தின் மேலாளர் வந்தார். சட்டைப்பையிலேயே வெர்னியர் அளவுகோலைக் குத்திக்கொண்டு திரிகிற ரகம். கீலைக் கையில் வாங்கவில்லை. நேரே படத்தை அளந்தார்.

“நூறுன்னு எழுதியிருக்கீங்க. நூத்தியொண்ணு இருக்கே.”

நாத்தனார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா எழுந்து வந்தார். வெர்னியர் என்ன காட்டுகிறது என்று தானும் கண்ணை இடுக்கிப் பார்த்தார். உண்மைதான்.

“அது துணி சார், இழுத்தா நீளும். என் கீலு நீளாது” என்று பெட்டியிலிருந்து ஒரு கீலை எடுத்துக் கொடுத்தார்.

அவர் அளந்தார். நூறு. இன்னொன்று கேட்டார். நூறு. பெட்டியின் அடியில் கைவிட்டுத் தானே ஒன்றை உருவினார். அதுவும் நூறு. பிறகு உட்கார நாற்காலி கேட்டார். ஆறு மாதத்துக்கு, இரண்டு பிரஸ்ஸும் தினமும் ஓடினால்தான் முடிக்க முடிகிற ஆர்டர்.

அவர் போனதும் பூட்டுக்காரர் வந்து, இந்த யோசனை யாருடையது என்று ரகசியமாகக் கேட்டார். மனசு நிறைந்திருந்த நாத்தனார், வெளியிலிருந்து ஆள் வந்தார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். வதந்தி பிறந்தது அங்கேதான். அதற்குத் தாடி ஒட்டியது யார் என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுவாரம் தாடிக்காரர் பட்டறைக்கே வந்தார். கடையில் மாட்ட அந்தத் திரையின் புகைப்படம் வேண்டுமாம். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வந்தாராம். அக்கா உட்காரச் சொன்னார், குடிக்கக் கொடுத்தார், விசாரித்தார். பிறகு திரையை அவர் முன்னால் விரித்தார்.

“எல்லாம் சரி தம்பி. ஒரு மில்லி கூட அடிச்சிருக்கீங்க. அத எப்ப சரிபண்ணித் தரீங்க?”

சட்டத்தில் மாட்டினால் துணி நீளத்தான் செய்யும் என்று அவர் விளக்கினார். நீளும் என்று தெரிந்தால் குறைத்தல்லவா அடித்திருக்க வேண்டும் என்றார் அக்கா. அடுத்த கண்காட்சிக்குள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போன தாடிக்காரர், இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாக வருவதில்லை. நாத்தனாரின் பிரஸ் தினமும் ஓடுகிறது. அந்த ஒரு மில்லி மட்டும் இன்னும் பாக்கி.