விடுதலை நாளில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போன கதை: காரைக்கால் – புதுச்சேரி – கடலூர்

நவம்பர் முதல் தேதி எங்கள் ஊரில் விடுமுறை. புதுச்சேரி விடுதலை நாள். மூன்று புறமும் தமிழ்நாடு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது காரைக்கால்காரர்கள் மட்டும் நிம்மதியாகப் பல் தேய்க்கும் நாள் அது. வெளியூர் வேலை எதுவாக இருந்தாலும் இந்த மாதிரி நாளுக்கென்றே எடுத்து வைப்போம். நாகப்பட்டினமோ கும்பகோணமோ போனால் அங்கே எல்லாம் திறந்திருக்கும், நமக்கோ விடுமுறை. பல வருடப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் இந்த முறை காலை வாரிவிட்டது.

முதலில் எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் நெரவியில் இருக்கிறேன், காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை. திருவேட்டக்குடி ரவி அண்ணனின் மெல்லிசைக் குழுவில் நாலு வருடமாக எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிக்கிறேன். குழு முதல்முறையாகச் சொந்தப் பாட்டு ஒன்று செய்கிறது. மற்றவர்கள் எல்லாரும் வாசித்து அனுப்பிவிட்டார்கள், என் தாளம்தான் பாக்கி. நான் அனுப்பிய மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டு ரவி அண்ணன் போன் செய்தார்.

"என்னம்மா, டிரம்மெல்லாம் ஒரே எடத்துல நிக்குது. உருட்டுனா எடப்பக்கத்துலேருந்து வலப்பக்கம் ஓட வேணாமா? ரெண்டாந்தேதி மதியத்துக்குள்ள சரியா வரலைன்னா கம்ப்யூட்டர் தாளத்தப் போட்டுக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? மேடையில் கை வலிக்க வலிக்க வாசித்தது நான், பாட்டில் இருக்கப்போவது கம்ப்யூட்டரா? அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

குறை என் கையில் இல்லை, பெட்டியில் இருந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் வாத்தியத்தின் ஒயர், மறுபக்கம் லேப்டாப்பின் ஒயர். டிரம்ஸிலிருந்து இடம், வலம் என்று இரண்டு ஒயர் வரும். என்னிடம் இருந்த பெட்டியில் மைக்குக்கு ஒரு ஓட்டை, கிதாருக்கு ஒரு ஓட்டை. மைக் ஓட்டையில் செருகினால் சத்தம் கரகரவென்று உடையும். அதனால் ஒரே ஒயரில் பதிவு செய்தேன், எல்லாம் ஒரே இடத்தில் நின்றது. அந்தப் பெட்டி என் அலுவலகத் தோழி பர்வீனின் தம்பி ஷார்ஜாவிலிருந்து அன்பாக வாங்கி வந்தது. எங்கள் பக்கம் கரண்டில் ஓடும் எந்தச் சாமானும் கல்ஃபிலிருந்து வந்தால்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் திருமலைராயன்பட்டினத்திலிருந்து பர்வீன் தானும் வருவதாகக் கிளம்பிவிட்டாள். ஆன்லைனில் வாங்க நேரமில்லை. காலை ஆறு மணிக்குக் காரைக்காலில் பஸ். புதுச்சேரி சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. டிக்கெட் ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய். இடது பக்க ஜன்னலில் வெயில் அடிக்காது, அங்கே உட்காருங்கள். நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு, பொறையார், சீர்காழி, சிதம்பரம், கடலூர், பிறகு முள்ளோடையில் மறுபடி நம் அரசாங்கம்.

மடியில் ஒரு பை. அதற்குள் லேப்டாப், துண்டில் சுற்றிய டிரம் மாட்யூல், குச்சியால் அடிக்கும் பேட் ஒரே ஒன்று, ஒயர்கள். மாட்யூல் என்றால் டிரம்ஸின் மூளை, சத்தம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். கண்டக்டர் பையைத் தூக்கி மேலே வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"உள்ள என்னங்க, கொழந்தையா?"

"அதவிட வெல ஜாஸ்திண்ணே," என்றாள் பர்வீன்.

பத்து மணிக்குப் புதுச்சேரியில் நான் விசாரித்து வைத்திருந்த வாத்தியக் கடை வாசலில் நின்றோம். ஷட்டர் இறங்கியிருந்தது. இன்னும் திறக்கவில்லை போல என்று பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னிக்கு விடுதலை நாளாச்சே, அந்தக் கடை லீவுங்க. நீங்க எந்த ஊரு?"

"காரைக்கால்."

"அப்ப உங்களுக்கும் லீவுதானே?"

சரக்கு இருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டவள், கடை இருக்குமா என்று கேட்கவில்லை. நம் விடுமுறைக்கு ஊரெல்லாம் திறந்திருக்கும் என்ற புத்தி, புதுச்சேரியும் நம் அரசாங்கம்தான் என்பதை மறந்தே போய்விட்டது. இன்னும் இரண்டு கடை அலைந்தோம். ஒன்று பூட்டு. இன்னொன்று திறந்திருந்தது, அங்கே கிதார் கம்பிதான் இருந்தது.

பர்வீன் நடுரோட்டில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள்தான் முதலில் யோசித்தாள்.

"யா அல்லா, எதுக்குக்கா கலங்குறீங்க? இங்க லீவுன்னா அங்க லீவு இல்லதானே? கடலூரு தமிழ்நாடு. ஏறுங்க பஸ்ல."

கடலூர் இருபத்திரண்டு கிலோமீட்டர். எந்நேரமும் பஸ் உண்டு, முக்கால் மணி நேரம். மைக்செட் சாமான் விற்கும் கடை ஒன்று இருப்பதாக ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பையனுக்குங்களா?" என்றார்.

"பையனுக்கு இல்லைங்க, பையனோட அம்மாவுக்கு," என்றேன். இந்தக் கேள்விக்கு நாலு வருடமாக இதே பதில்தான், அலுக்கவில்லை.

முதலில் யூஎஸ்பி உள்ள சின்ன மிக்ஸர் ஒன்றை எடுத்து வைத்தார். நாலாயிரம், மலிவு. என் லேப்டாப்பில் செருகினேன். லேப்டாப்புக்கு அது யாரென்றே தெரியவில்லை. அந்த யூஎஸ்பி, பென் டிரைவில் பாட்டுப் போட மட்டும்தான். வெறுங்கையோடு போயிருந்தால் வாங்கியிருப்பேன்.

"உங்க மாட்யூல்லயே யூஎஸ்பி இருக்கே, அதுவே போதுமேங்க," என்றார் அடுத்து. அதையும் செருகிக் காட்டினேன். நான் அடித்தது எந்த டிரம், எவ்வளவு பலமாக என்ற குறிப்பு லேப்டாப்புக்குப் போகிறது, சத்தம் போகவில்லை. சில மாட்யூல்களில் சத்தமும் போகும், அவர்களுக்குப் பெட்டியே வேண்டாம். என்னுடையது அந்த ஜாதி இல்லை.

பிறகு மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். யாரோ சொல்லி வைத்துவிட்டு வராமல் போனதாம். இரண்டு ஓட்டை, இரண்டும் ஒரே மாதிரி, இரண்டையும் வாத்தியத்துக்கு மாற்ற சுவிட்ச். இரண்டு ஒயரையும் செருகி, பேடைக் கண்ணாடி மேசையில் வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உருட்டினேன். பேட் ஒன்றுதான், மாட்யூலில் ஒவ்வொரு டிரம்மாக மாற்றி மாற்றி அடித்தேன். முதல் டிரம் இடது காதில், கடைசி டிரம் வலது காதில். அடித்ததும் காதில் விழுந்தது, துளி தாமதமில்லை. பச்சை விளக்கு எரிந்தது, பலமாக அடித்தும் சத்தம் உடைந்து சிவப்புக்குப் போகவில்லை.

"இதான்," என்றேன். ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசும் பொறுப்பைப் பர்வீன் எடுத்துக்கொண்டாள், விலை குறையவில்லை, இரண்டு ஒயர் இலவசமாக வந்தது. பக்கத்தில் எட்டு ஓட்டைப் பெட்டி ஒன்று மூன்று மடங்கு விலையில் பளபளத்தது. ஒவ்வொரு டிரம்முக்கும் மைக் வைக்கும் நிஜ டிரம்ஸ்காரர்களுக்கு அது. நமக்கு இரண்டே போதும், ஆசைப்பட வேண்டாம்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். மாட்யூல், லேப்டாப், இரண்டின் அடாப்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போங்கள், கூச்சப்படாமல் கடையிலேயே அடித்துப் பாருங்கள். மைக்குக்கு ஒன்று கிதாருக்கு ஒன்று என்று இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். வாசிப்பது லேப்டாப்பைச் சுற்றி வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும் வசதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கை ஒரு பக்கம் காது ஒரு பக்கம் போகும். வீட்டில் ஙொய்யென்று இரைச்சல் வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள், எனக்கு அதில் நின்றது. காரைக்கால்காரர்கள் நம் விடுமுறையில் புதுச்சேரிக்குப் போக வேண்டாம். மேலே சொன்னதே போதும், மறுபடி சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் வாசித்து, வேலைக்குக் கிளம்புமுன் அனுப்பிவிட்டேன். மதியம் வரை பதில் இல்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ரவி அண்ணன் கூப்பிட்டார். பர்வீனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒண்ணு சொல்லணும்மா. நேத்தே கம்ப்யூட்டர் தாளத்தப் போட்டு வச்சிட்டேன். உன்னால முடியாதுன்னு நெனச்சேன்."

டப்பாவை மறுபடி மூடி வைத்தேன்.

"காலையில ஒன்னோடத வச்சுக் கேட்டேன். பாடுற பொண்ணு மூச்சு வாங்குற எடத்துல நீயும் நிறுத்துற பாரு, அது கம்ப்யூட்டர் தாளத்துல இல்ல. அதத் தூக்கிட்டேன். பாட்டுல பேரு போடணும், இனிஷியலோட சொல்லு."

பர்வீன் போனைத் தன் பக்கம் இழுத்து, என் பெயரை இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.