பதினேழு வேகத்தடை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வீரபாண்டியில் நாலு தையல் மெஷினோடு ஆரம்பித்து, இன்று நானூறு பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி நடத்துகிறேன். துணியைத் தொட்டாலே என்ன நூல், எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவேன், தராசெல்லாம் அப்புறம்தான். சரக்கு வாங்க வருகிற பையர் கேட்டாலும், பேங்க் மேனேஜர் கேட்டாலும், வீட்டில் யாரைக் கேட்டாலும் பதில் என் வாயிலிருந்துதான் வரும். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

என் மனைவிக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், வலிக்கென்று தனி வைத்தியம் உண்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். போனோம். அங்கே ஒரு பேராசிரியை அம்மா, நாளைக்கு டாக்டராகப் போகிற ஐந்தாறு பிள்ளைகளோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார். புற்றுநோய் வலியை எப்படிக் கேட்பது, எப்படித் தணிப்பது என்று அவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மாணவி குனிந்து, "அம்மா, வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டுன்னு போட்டுக்குங்க," என்றேன் நான். "எங்கூட்டு அம்மிணி கல்லு மாதிரி. மூணு பிரசவத்துலயும் சத்தம் வெளிய வரலீங்க."

மாணவி எழுதப் போனாள். பேராசிரியை அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"வலி யாருக்கு?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, "ஐயா, அம்மாவே சொல்லட்டுமே," என்றாள். என் கம்பெனியில் ஒருத்தருக்கும் வராத தைரியம்! பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து, "நம்பர் கிடக்கட்டும்மா. எப்பல்லாம் ரொம்ப வலிக்குது?"

என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"கார்ல வர்றப்பதான் கண்ணு. ஊட்டுல இருந்து இங்க வரைக்கும் பதினேழு வேகத்தடை. ஒவ்வொண்ணுக்கும் உசுரு போயிட்டுப் போயிட்டு வருது."

அந்தக் கார் போன வருடம் வாங்கியது. உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி இருக்கும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்தபடி வருவாள். சொகுசாக வருகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"ஏனம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

பின்னால் நின்ற பையன் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

பேராசிரியை மார்ஃபின் மாத்திரை எழுதினார். நான் விடவில்லை. "அது போதை மருந்துங்களே! எத்தனை ஆனாலும் வெளிநாட்டுல இருந்து வேற வரவழைச்சுப்புடறேன்," என்றேன்.

அவர் மாணவியைப் பார்த்தார். அவள் திணறித் திணறித்தான் சொன்னாள்: டாக்டர் மேற்பார்வையில் வலிக்குத் தக்க அளவு கொடுத்தால் அடிமையாகிற பயம் குறைவு, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்துத் தர வேண்டும், மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் உடனே கூப்பிட வேண்டும். சொல்லி முடித்தவள் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

"சாப்பிடுறீங்களாம்மா?"

"குடு கண்ணு," என்றாள் என் மனைவி.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுப்பாமல் நானே சோறு போட்டுக்கொண்டேன். நோய் போகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ரசத்தில் உப்பில்லை என்று மருமகளிடம் குறை சொல்கிற அளவுக்கு அவளை எனக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். நான் லேசில் யாருக்கும் கைகூப்புகிறவன் இல்லை. அந்தப் பேராசிரியைக்கும், என் பிள்ளைகளின் வயதுகூட ஆகாத அந்த மாணவிக்கும் இருந்த இடத்திலிருந்தே கூப்பினேன்.

மறுபடி போன அன்று அதே பெண் வந்தாள். "இப்ப எவ்வளவும்மா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"நாலு கண்ணு," என்றாள் என் மனைவி.

மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். என்னைக் கேட்டிருந்தால் பூஜ்யம் என்றிருப்பேன். அந்த நாலையும் பேசாமல் சுமந்துகொண்டு அவள் வீடு திரும்பியிருப்பாள்.