மூச்சில் வந்த அசிட்டோன்

சூளகிரி பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில், லாரியில் வந்து இறங்கும் கரைப்பான்களைச் சோதிப்பது என் வேலை. கருவிக்குள் ஒரு சொட்டு விட்டால் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடும். எந்த மேடு எந்தப் பொருள் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் நான் பேசிய பேச்சுதான் என் அண்ணனைப் பட்டினி போட்டது.

அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மத்திகிரியில் வாடகை வீட்டில் அண்ணியோடு இருந்தான். ஒருநாள் மெஷின் முன்னால் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தான். பெங்களூருக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடது பக்கத்தில் கட்டி. டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். ஸ்கேன் படத்தோடு ஒரு கோட்டுப் படத்தையும் காட்டினார்.

"கட்டி எங்க இருக்குதுன்னு ஸ்கேன்ல தெரியும். அது எப்படி வாழுதுன்னு இந்தக் கோட்டுல கொஞ்சம் தெரியும். கோலின் ஏறியிருக்குது, செல்லு பெருகுது. லாக்டேட் தெரியல, அது நல்லது. மெதுவான கட்டியா இருக்கலாம். எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதி."

மூன்று வாரம் கழித்து ஆபரேஷன். அதுவரை மூளை வீக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை.

எனக்கு அந்த மேடுகள் பழகியவைபோல இருந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் போனில் எதையெதையோ படித்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்கும் அண்ணியின் அண்ணனுக்கும் டாக்டர் சொல்லாததையும் சேர்த்து விளக்கினேன். "வேகமான கட்டின்னா சர்க்கரையை அள்ளித் தின்னும். தின்னுட்டு லாக்டேட்டைக் கக்கும்."

அண்ணியின் அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தீனியை நிறுத்திட்டா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது சுகமாக இருந்தது. "கணக்குப்படி அதான்" என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் கம்பெனியில் ஆடிட். போனில் கேட்டபோதெல்லாம் "நல்லாருக்காரு" என்றாள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலிலேயே பாகற்காயும் பூண்டும் தேங்காயெண்ணெயில் வெந்த நாற்றம். முன்னறையில் அண்ணியின் அண்ணன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உதட்டில் நெய் மினுங்கியது.

"வாம்மா. நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். பத்து நாளா சோறு இல்ல, பழம் இல்ல. கட்டி உள்ளயே வாடுது."

உள்ளே அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தலைமாட்டில் ஒரு டம்ளர், அதன் மேல் எண்ணெய் ஏடு. குனிந்து கூப்பிட்டேன். அவன் வாயிலிருந்து அசிட்டோன் வாடை வந்தது. எட்டு வருடமாகத் தினமும் என் துணியில் ஒட்டி வீட்டுக்கு வரும் அதே வாடை. சோறு இல்லாத உடம்பு தன் கொழுப்பை எரித்தால் இந்த வாடை வரும் என்று எனக்குத் தெரியும்.

"தலை வெடிக்குது பாப்பா" என்றான். எழுந்து உட்கார முயன்றவன் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். மஞ்சள் தண்ணீரும் எண்ணெயும்தான் வந்தன.

ஜன்னலில் வீக்கத்துக்கான மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.

"இதை ஏன் குடுக்கல?"

அண்ணி அழுதாள். "அது சுகரை ஏத்துமாம். எங்கண்ணன்தான் வேணாம்னாரு."

அண்ணியின் அண்ணன் விரலை நக்கிக்கொண்டே, "எல்லாம் யோசிச்சுதாம்மா பண்ணோம்" என்றார். அந்தக் கையாலேயே அண்ணனைத் தூக்க வந்தார். தொடாதீங்க என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் காரில் பெங்களூர் போனோம்.

"யாரு சொன்னது இப்படிப் பண்ணச் சொல்லி?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. "மூளை ஓடறதே சர்க்கரையிலதான். கட்டியைப் பட்டினி போடறேன்னு மனுஷனைப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸிடம் திரும்பினார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அண்ணன் உடம்பைத் தேற்றவே நாட்கள் ஆயின. ஆபரேஷன் தள்ளிப்போய் நடந்தது. எடுத்த சதையைச் சோதித்ததில் ஒரு ஜீன் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் கட்டிக்குள் ஒருவகை அமிலம் சேருமாம். அது உள்ள கட்டிகள் பெரும்பாலும் மெதுவாகப் போகும், மருந்துக்கும் ஓரளவு அடங்கும் என்றார்கள். பட்டினிக்கு முன்பே, முதல் வலிப்புக்கும் முன்பே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. ரேடியேஷன் முடிந்து அண்ணன் வேலைக்குப் போகிறான். வலது கை விரல்கள் மந்தம் என்பதால் ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

போன மாதம் பேரிகை கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. பந்தலுக்குப் பின்னால் அண்ணியின் அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வயித்தைக் காயப் போடணும்ங்க. எங்க மச்சானுக்கு அப்படித்தான் கட்டி சாதுவாச்சு. டாக்டருங்களே அசந்துட்டாங்க."

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்தப் பக்கம் தெலுங்கு வாடையோடு ஒரு பெண் குரல். அவள் கணவனுக்கும் தலையில் கட்டியாம்; நான்கு நாளாகக் கஞ்சிகூடக் கொடுக்கவில்லையாம். நான் யார், என்ன செய்தேன், அண்ணனுக்கு என்ன ஆனது என்று வரிசையாகச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தாதீங்க, உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்க என்றேன்.

"அப்ப சோறு போடலாங்களா?" என்றாள்.

"போடுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "முதல்ல நீதானம்மா சொன்ன" என்றார் அவர்.

"ஆமா, நான்தான் சொன்னேன். தப்புன்னும் நானே இப்ப சொல்லிட்டேன்."

பந்தியில் அவருக்கு எதிரே எனக்கு இலை போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.