தொடைக்குள் வைத்த தகடு

எழுபதுகளின் கடைசியில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். தொழிலாளி யாரையாவது டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டாக்டரிடம் சிங்களத்தில் பேச நான்தான் கூடப் போகவேண்டும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

மழையில் வழுக்கி உருண்டு தொடையெலும்பை முறித்துக்கொண்ட ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணோடு அப்படித்தான் போனேன். எலும்பில் தகடு வைத்துத் திருகாணி போடவேண்டும் என்றார் டாக்டர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கவரிங் தோடு போட்டா காது புண்ணாயி சீழ் வடியுதுங்கய்யா. அதான் ஈர்க்கு சொருகியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தொடை முறிந்து கிடக்கிறவள் தோட்டைப் பற்றிப் பேசுகிறாளே! இதைப் போய்ச் சொன்னால் லயக் குடியிருப்பு ஆட்களே இப்படித்தான் என்று டாக்டர் நினைப்பார், என்னையும் சேர்த்து. அந்த வெட்கம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "மொக்குத் நே, சேர்," என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சில மாதங்களில் தகடு இருந்த இடம் சிவந்து, தினவெடுத்து, நீர் கசிய ஆரம்பித்தது. எலும்பும் கூடவில்லை. மறுபடி கொண்டுபோனேன். தகட்டைக் கழற்றிய டாக்டர் என்னிடம் விளக்கமாகச் சொன்னார். சிலர் உடம்புக்கு இந்த உலோகம் ஆகாதாம். உடம்பு ஏற்றுக்கொள்கிற மாதிரி மேலே ஒரு பூச்சுப் பூசி வெளிநாட்டில் பரீட்சை செய்கிறார்களாம்; நம் பக்கம் வர எத்தனை காலமோ. முன்பே தெரிந்திருந்தால் வேறு உலோகத் தகட்டுக்காவது எழுதியிருப்பாராம்.

"மலிவு நகை போட்டுப் புண் வந்திருக்குமே. அவள் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, சேர்," என்றேன். வாய் கூசவில்லை. சிங்களம் தெரியாத அவள் கட்டிலில் படுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் குட்டையாகிவிட்டது. கூடையோடு மலையேற முடியாததால் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கப் போட்டார்கள். நான் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். என்னைப்போல ஒரு கோழை இருக்கமுடியாது.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் சொன்னதெல்லாம் நீங்க எடுத்துச் சொன்னீங்க, டாக்டருதான் கேக்கலைனு லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேங்கய்யா. என் மகளுக்கு இது ஒம்பதாம் மாசம். ஆஸ்பத்திரிக்கு அவகூடவும் நீங்கதான் வந்து பேசணும்."

வருகிறேன் என்றேன்.