வெறுமையாக விட்ட சறுக்கு வண்டி

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. அஞ்சலீனா தன் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னாள். மன்னார் பேசாலையில் பிறந்தவள் சும்மா சத்தியம் பண்ணமாட்டாள். இடம் கனடாவில், மொன்றியல் நகரத்தின் லாசால் பகுதி. 2007 டிசம்பர்.

அஞ்சலீனாவும் கணவன் வின்சன்டும் ஆறு வயது மகள் ஜெசிக்காவும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். வின்சன்டுக்கு பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அஞ்சலீனா நன்றாகப் படம் கீறுவாள். அதனால் ஒவ்வொரு நத்தாருக்கும் தமிழ்ப் பங்குக் கோவிலின் பாலன் குடிலுக்குப் பின்னால் தொங்கும் பெரிய படம் அவள் தலையில்தான் விழும். வருடா வருடம் பெத்லகேம் கீறினாள். ஈச்சை மரம் என்று தொடங்குவாள், அது பனையாக முடியும். சனமும் பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்தது. அந்த வருடம் குடிலுக்குப் பொறுப்பான செபஸ்தியாம்பிள்ளை பொறுமை இழந்தார்.

"பிள்ளை, இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பனை தெரியுமே? சினோ கொட்டிக் கிடக்கிறதைக் கீறு."

டிசம்பர் 8, சனிக்கிழமை. பிற்பகல் 3:40. கீறுவதற்குப் பார்த்துக்கொள்வோம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பூங்காவுக்கு நடந்தாள். கிழமை முழுக்கக் கொட்டிய பனி முழங்கால் வரை கிடந்தது. ஒரு சனம் இல்லை. மொட்டை மரங்கள், பனி மூடிய இருக்கை வாங்குகள். ஒரு மரத்தடியில், பனியில் பிள்ளைகளை இருத்தி இழுக்கிற மரச் சறுக்கு வண்டி ஒன்று நின்றது. பழைய சிவப்பு வண்டி. முன்னால் கயிறு சுருண்டு கிடந்தது.

ஜெசிக்கா ஏறி இருக்க ஓடினாள்.

"தொடாதை. ஆற்றையோ சாமான்."

கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அஞ்சலீனா கவனித்தாள். எல்லாவற்றின் மேலும் பனி. வண்டியில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. சுற்றிவரக் காலடியும் இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காலடி இல்லாமல் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அப்போது யோசிக்கவில்லை. 4:11க்குத் தெருவிளக்குகள் எரிந்தன. வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வரவேற்பறைச் சுவரில் பெரிய தாளைக் குத்தி, கரித்துண்டால் பூங்காவைக் கீறி முடித்தாள். பாலன் குடிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் முன்கூட்டியே வந்துவிடுவார்கள், தொட்டில் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். நத்தார் இரவுப் பூசையில்தான் பாலனைக் கிடத்துவார்கள். அஞ்சலீனாவுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. படத்தின் நடுவில் அந்தச் சறுக்கு வண்டியை வெறுமையாகக் கீறி, பூசையன்று காகிதப் பாலனை அதில் ஒட்டிவிடலாம்.

"ஏன் அம்மா இதிலை ஒருத்தரும் இல்லை?" என்று ஜெசிக்கா கேட்டாள். தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

"ஒரு பிள்ளை வரும். அதுக்குத்தான் இடம் விட்டிருக்கிறன்."

"எந்தப் பிள்ளை?"

"சோறு தின்னாட்டில் உன்னைத்தான் ஏத்திக் குடுத்துவிடுவன்."

நம்முடைய தாய்மார் எல்லோரும் சொல்வதுதான். கள்ளனுக்குக் கொடுப்போம், குறத்திக்குக் கொடுப்போம், பொலிசுக்குக் கொடுப்போம் என்று சொல்லியே பிள்ளை வளர்க்கிற சாதி நாங்கள். ஜெசிக்கா சிரித்தாள். அப்போது படம் தொங்கிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் மெல்லச் செருமினான். பக்கத்து வீட்டுக்காரராக்கும் என்று அஞ்சலீனா சோற்றைக் குழைத்தாள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடே இல்லை. அது கட்டடத்தின் வெளிச்சுவர்.

ஞாயிறு காலை படத்தின் கீழே நிலம் ஈரமாக இருந்தது. படத்தில், சுருளாகக் கீறிய கயிறு நேராக நீண்டு தாளின் விளிம்பு வரை போயிருந்தது. கணவனைப் பிடித்து ஏசினாள்.

"நான் கோழி கீறினாலே காகமாத்தான் வரும். நான் ஏன் தொடுறன்?" என்றான் வின்சன்ட்.

அழித்துவிட்டுத் திரும்பவும் சுருளாகக் கீறினாள். திங்கள் காலை மறுபடி நேராக இருந்தது. இந்த முறை விறைப்பாக... யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பது போல.

திங்கள், 4:11. கதவுக்கு வெளியே, மாடி நடைபாதையில் ஒரு சத்தம். சர்ர்ர்... மரத்தை நிலத்தில் இழுக்கிற சத்தம். கதவைத் திறந்தாள். யாரும் இல்லை.

செவ்வாய், 4:11. கதவுக்கு நேரே கேட்டது.

புதன், 4:11. கதவுக்கு உள்ளே.

ஜெசிக்கா படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, மொன்ஸியூ கோவமா நிக்கிறார்."

"எந்த மொன்ஸியூ? ஆர் அந்த ஆள்?"

"கயிறு பிடிச்சிருக்கிறவர். நீங்கள் தாறன் எண்டு சொன்னனீங்களாம். பிறகு ஏன் தரேல்லையாம்."

"தமிழிலையோ சொன்னவர்?"

"இல்லை. பிரெஞ்சும் இல்லை. ஆனா விளங்குது."

அஞ்சலீனா சுவரில் இருந்த ஊசிகளைப் பிடுங்கினாள். படத்தைக் கழற்றினாள். சுருட்டினாள். கீழே போய்க் குப்பைத் தொட்டியில் திணித்தாள்.

வியாழன், 3:50. மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து கதவைத் திறந்தாள். படம் சுவரில் இருந்தது. நான்கு ஊசியும் அதே இடத்தில். வின்சன்ட் வேலைக்குப் போய் இரண்டு மணித்தியாலம்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அதுதான் அவளுடைய ஒரே எண்ணம். உள்ளே வந்து சாத்திய கதவு இப்போது திறக்கவில்லை. பூட்டு ஐஸ் போலச் சுட்டது. வின்சன்டுக்கு ஃபோன் அடித்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மகளின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

4:11.

சர்ர்ர்...

கையில் ஒரு சின்னக் கையுறை மட்டும் இருந்தது.

"ஜெசிக்கா!"

நிலத்தில் இரண்டு ஈரக் கோடுகள். அவள் காலடியில் தொடங்கிச் சுவரில் போய் முடிந்தன.

"அம்மா..."

சுவருக்குள் இருந்து. தூரத்தில்.

"நான் தரேல்லை! பகிடிக்குச் சொன்னது!"

சர்ர்ர்... இன்னும் தூரம்.

படத்து வண்டியில் இடம் வெறுமையாக இருக்கிறது. அதனால்தான் அவனுக்குப் பிள்ளை வேண்டும். அது மட்டும் புரிந்தது. கரித்துண்டை எடுத்தாள். பாலனைக் கீற நினைத்தாள். வரவில்லை. கை தன்பாட்டில் ஓடியது. ஒரு பையன். ஏழு வயது. காது மூடிய தொப்பி. முன்பல் இல்லை. வலது புருவத்தில் ஒரு வெட்டு.

சத்தம் நின்றது.

மெல்லிய செருமல் ஒன்று. திருப்தியாக.

ஜெசிக்கா சோபாவுக்குப் பின்னால் கிடந்தாள். உதடு நீலம். தலைமயிருக்குள் பனி. உயிர் இருந்தது.

படத்தைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். காய்ச்சல், இந்த முறை படம் கீறேலாது என்று செபஸ்தியாம்பிள்ளைக்குப் பொய் சொன்னாள். சத்தம் பிறகு வரவில்லை. தப்பிவிட்டோம் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

திங்கட்கிழமை பால் வாங்க மூலையில் இருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குப் போனாள். கடைக் கண்ணாடியில் ஒரு அறிவித்தல். காணவில்லை. கீழே ஒரு படம்.

காது மூடிய தொப்பி. முன்பல் இல்லாத சிரிப்பு. வலது புருவத்தில் வெட்டு.

நகரத்தின் மறு மூலையில், ரொக்ஸ்பரோ என்ற இடத்துப் பையன். அந்தப் பக்கமே அவள் போனதில்லை. கடைக்காரர் செய்தியில் கேட்டதைச் சொன்னார். வியாழக்கிழமை, நாலே கால் இருக்கும். தாய் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாளாம். குனிந்து பார்த்தால் கையில் கையுறை மட்டும்தானாம்.

அஞ்சலீனா வீட்டுக்கு ஓடினாள். படத்தை விரித்தாள். அழிரப்பரை எடுத்தாள். அழித்தால் அந்தப் பிள்ளை திரும்பி வரலாம். அழித்தால் இடம் வெறுமையாகும். குசினி மேசையில் ஜெசிக்கா பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிக்காவுக்கு இப்போது எட்டு வயது. அந்தப் பையன் இன்னும் கிடைக்கவில்லை. அஞ்சலீனா படத்தை அழிக்கவில்லை.